மொனே தீட்டிய பூங்காவும் தீட்டாத இடிபாடும்

குளோட் மொனே 1876 ஆம் ஆண்டில் தீட்டிய 'துயிலெரி' என்னும் ஓவியம் பாரிஸ் மர்மொத்தான் மொனே அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. ரிவோலி வீதியில் வாழ்ந்த விக்டர் ஷொக்கே என்ற ஓவியச் சேகரிப்பாளரின் வீட்டுச் சாளரத்திலிருந்து கண்ட பூங்காக் காட்சி அது. மர உச்சிகளில் வெயில் படர்ந்திருக்கிறது. உலாவச் சென்ற மனிதர்கள் தூரிகையின் சிறு புள்ளிகளாகத் தெரிகின்றனர். மனப்பதிவுவாத ஓவியங்களை விளக்குவோர் பெரும்பாலும் இந்த ஒளியைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆனால், ஓவியத்தின் இடப்புறத்தில் 'ஃபுளோர்' மண்டபம் நிற்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு அப்பால் இருந்தது துயிலெரி அரண்மனை. 1871 மே 23 ஆம் திகதி, பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், கம்யூன் தரப்பினர் அதற்குத் தீ வைத்தனர். அந்த ஒரு வாரத்தில் அரச படைகள் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்தன. எரிந்த சுவர்கள் 1883 இல் இடிக்கப்படும் வரை அங்கேயே நின்றன. மொனே தூரிகையை எடுத்தபோது அவை கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஓவியத்தில் மட்டும் இல்லை.

இதனால் மனப்பதிவுவாதிகள் தமது காலத்தின் காயத்தை மூடி மறைத்தார்கள் என்று குற்றஞ்சாட்டும் கலை விமர்சகர்கள் உளர். அதனை நான் முழுமையாக ஏற்பதற்கில்லை. யுத்தத்துக்கும் படுகொலைக்கும் பின்னர் மக்கள் பூங்காவில் உலாவினார்கள் என்பதும் வரலாறுதான். எதைத் தீட்டுவது, எதை விடுவது என்பது ஓவியனின் உரிமை.

அந்த உரிமை ஓவியத்தை விளக்குபவருக்குக் கிடையாது என்பதே எனது வாதம். செய்தித்தாளில் ஒரு புகைப்படத்தை இடங்கருதி வெட்டலாம்; வெட்டுப்பட்ட பகுதி செய்தியின் பொருளையே மாற்றுமாயின் படக்குறிப்பு அதைச் சொல்லியாக வேண்டும். ஓவியத்துக்கு எழுதப்படும் விளக்கமும் ஒருவகைப் படக்குறிப்பே. 1871 ஐக் குறிப்பிடாமல் இந்த ஓவியத்தின் அமைதியைப் புகழ்பவர், அந்த அமைதிக்குக் கொடுக்கப்பட்ட விலையை வாசகரிடமிருந்து பறித்துவிடுகிறார்.

அதே மே மாதத் தீயில் லூவ்ர் நூலகமும் சாம்பலானது என்பதை அறியும்போது, தமிழ் வாசகரின் நினைவு 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நோக்கிச் செல்வது இயல்பே. மீளக் கட்டப்பட்டு 2003 இல் திறக்கப்பட்ட அந்த வெண்ணிறக் கட்டடத்தை எவரும் அழகாகப் படம் பிடிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அப்படத்தின் கீழ் எழுதப்படும் இரண்டு வரிகளில் ஒரு வரியேனும் தீயைப் பற்றியதாக இருக்க வேண்டும்.