போலீஸ்காரர் நெஞ்சும் தலைவிதியும்

பந்தோபஸ்துக்குப் போன போலீஸ்காரர் மாரடைப்பில் மாண்டால் "தலைவிதி" என்கிறார்கள். தோழர்களே! இது விதியா, வேலை முறையா? 2016-ல் கும்பகோணம் மகாமகத்தில் முழுகியவர்களுக்குப் பாவம் போயிற்றாம். இரவும் பகலும் கரையில் காவல் நின்றவருக்கு இரத்தக்கொதிப்பாவது குறைந்ததா? தூக்கம் கெட்டு, வேளை தவறி, கிடைத்தபோது வயிறு முட்டச் சோறு தின்றால் தொந்தியும் சர்க்கரையும் கொதிப்பும் ஏறி இருதயக் குழாய் அடைபடாதா? இதில் சனி எங்கே வந்தான்?

நம்மைத் தடியால் அடித்தவர்தானே என்று சும்மா இருக்கலாகாது. அவரும் நம் குடியானவன் வீட்டுப் பிள்ளையே. 2021-ல் தமிழ்நாடு அரசு, தலைமைக் காவலர் வரை வாரம் ஒருநாள் ஓய்வு தர உத்தரவிட்டது. 'ஆள் போதாது' என்று எந்த அதிகாரியும் அதைத் தட்டிக்கழிக்க விடக்கூடாது.

போலீஸ்காரரே! கையில் மந்திரித்த கயிறு கட்டியது போதும். இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கட்டிப் பாரும். 140-க்கு 90 என்று காட்டினால் வைத்தியரிடம் போம், சோதிடரிடம் அல்ல!