வேலிக்கு வெளியேயும் வரலாறு கிடக்கிறது

பெல்லாரி நகரை ஒட்டியுள்ள சங்கனகல்லு, கப்பகல்லு குன்றுகளில் கல்லுடைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். உருவங்கள் செதுக்கிய பாறையைச் சுற்றி வேலி போட்டுவிட்டு மிச்ச மலையைக் குத்தகைக்கு விடுவது போதாது. சாலைப் பணிகளில் பொறியாளராக இருந்து, ஜல்லிக்காகக் குவாரி குவாரியாக அலைந்தவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

கர்நாடகத்தின் அந்தக் குன்றுகளில் புதிய கற்கால மக்கள் பல நூறு ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். மாடு வளர்த்தார்கள். கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியமும் விளைவித்தார்கள். மாட்டுச் சாணத்தைக் குவித்து எரித்த சாம்பல் மேடு இன்றும் இருக்கிறது. ஹிரேகுட்டா என்ற குன்றில் கருங்கல்லைப் பிளந்துகொண்டு டோலரைட் என்னும் கரும்பாறை ஓடுகிறது. அதை உடைத்துத்தான் கோடரி செய்தார்கள். ஓரிடத்தில் கல் எடுத்து, இன்னோரிடத்தில் தட்டி உருவாக்கி, வேறொரு பாறையில் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். தேய்த்த பள்ளங்கள் இப்போதும் வழவழவென்று கைக்குத் தட்டுப்படுகின்றன.

நான் போயிருந்தபோது, மேலே திமிலும் நீண்ட கொம்புமாகக் காளைகள் கொத்தப்பட்ட பாறைகளுக்கு நடுவே, தட்டித் தட்டியே குழி விழுந்திருந்த ஒரு கரும்பாறையைப் பார்த்தேன். சின்னக் கல்லால் அந்தக் குழியில் மெல்லத் தட்டினால் வெண்கல மணியைப் போல ஒலிக்கிறது. இரண்டடி தள்ளித் தட்டினால் வெறும் கல் சத்தம்தான். எந்த இடம் பாடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஒலிக்கும் பாறைகளை ஆராய்ந்து தொல்லியலாளர் நிக்கோல் பாய்வின் 2004-ல் எழுதியபோதே, பக்கத்தில் இன்னும் பழைய ஓவியங்கள் இருந்த ஒரு பாறை ஒதுங்கிடத்தின் ஒரு பகுதி குவாரியில் அழிந்துவிட்டிருந்தது.

குவாரியில் முதலில் நடப்பது வெடி வைப்பதல்ல. ஹிட்டாச்சியைக் கொண்டுவந்து மேல்மண்ணை வழித்துத் தள்ளுவார்கள். கல் வியாபாரத்தில் அதற்குக் கழிவு என்று பெயர். கோடரி செதுக்கிய சில்லும், பானை ஓடும், அடுப்புச் சாம்பலும் கிடப்பது அந்த மேல்மண்ணில்தான். பிறகு அடிவாரத்துச் சமதரையில் லாரிப் பாதை, கிரஷர், கழிவு கொட்டும் இடம். குடியிருப்புகள் இருந்த தரை பெரும்பாலும் அப்படிப்பட்ட சமதரைதான். ஆக, முதல் வெடி வெடிப்பதற்குள்ளேயே அழிவில் பாதி முடிந்துவிடுகிறது.

மத்தியச் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடையும் அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதிக்கிறது. கோயிலுக்கோ கோட்டைக்கோ இந்த அளவு சரி. மாடு மேய்ந்த வெளியும், கல் எடுத்த முகடும், பிணம் புதைத்த சரிவும் சேர்ந்ததே ஒரு கற்கால ஊர். அதை 300 மீட்டருக்குள் அடக்க முடியாது. அறிவிக்கப்படாத இடத்துக்கு அந்த 300 மீட்டரும் கிடையாது.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது சரளை மண் தோண்டிய ஒரு குழியில். பெல்லாரிக் குன்றுகளையும் ஆராய்ந்த அவர் பெயரில் அந்நகரில் அருங்காட்சியகமே இருக்கிறது. அன்று மண்வெட்டியால் தோண்டினார்கள், ஒரு மனிதர் குனிந்து பார்க்க நேரம் இருந்தது. இப்போது டிப்பர் நிறையச் சில நிமிடம் போதும்.

குவாரியை நம்பிப் பிழைக்கும் கூலிக் குடும்பங்களை நான் மறக்கவில்லை. அவர்களுக்குத் தொல்லியல் எச்சம் இல்லாத மலையில் வேலை கொடுக்க அரசால் முடியும். குன்றுகளின் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் அவர்களையே அமர்த்தலாம், அந்தப் பாறைகளை அவர்களைவிட அறிந்தவர் யார்?

நம் ஊரிலும் இதே நிலைதான். வருவாய்க் கணக்கில் கல்லாங்குத்து, மலைப் புறம்போக்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒன்றுமில்லாத இடம் என்று ஏலம் விடுகிறோம். ஏல அறிவிப்புக்கு முன்னால் ஒரு தொல்லியலாளர் அந்த மலையை மேலும் கீழும் நடந்து பார்த்து, கண்டதைப் புல எண்ணோடு வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் குத்தகை செல்லாது என்று கனிம விதியிலேயே சேர்க்க வேண்டும். குத்தகையைப் புதுப்பிக்கும்போதும் இதே விதி பொருந்த வேண்டும்.