டம்போ: இரு படங்கள், ஒரே முதலாளி

வெற்றி பெற்ற பழைய படங்களைப் புதிய தொழில்நுட்பத்தில் மீண்டும் எடுத்து விற்பது வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் நிலையான வணிக முறையாகிவிட்டது. ‘பழையதன் அழகு புதியதில் இல்லை’ என்று ஒரே வரியில் இப்படங்களை ஒதுக்கிவிடலாம். ஆயினும், 1941இல் வெளிவந்த ‘டம்போ’ என்னும் கேலிச்சித்திரப் படத்தையும், 2019இல் டிம் பர்ட்டன் இயக்கிய அதன் மறுஆக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, அழகியலைக் கடந்த கேள்வி ஒன்று எழுகிறது. உழைப்பாளிகளை இவ்விரு படங்களும் எந்த இடத்தில் நிறுத்துகின்றன?

சர்க்கஸ் ஒன்றில் பெரிய காதுகளோடு பிறந்து, ஊராரின் நகைப்புக்கு ஆளாகும் யானைக்கன்றின் கதை இது. கன்றைத் துன்புறுத்தியவர்கள்மீது சீறிய தாய், மதம் பிடித்தவள் என்று சங்கிலியால் பிணைக்கப்படுகிறாள். எந்தக் காதுகள் இழிவுக்குக் காரணமாயினவோ, அவற்றையே சிறகாக்கி முடிவில் கன்று பறக்கிறது. 64 நிமிடப் படம் முழுவதிலும் டம்போ ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கூண்டுக் கம்பிகளின் ஊடே தாய் துதிக்கையை நீட்டிக் கன்றைத் தாலாட்டும் காட்சி இன்றும் மனத்தை உலுக்குகிறது.

அந்தக் காட்சிகளை வரைந்த கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1937இல் வெளிவந்த ‘ஸ்நோ ஒயிட்’ பெரும் இலாபம் ஈட்டியது. அதன் பின்னரும் டிஸ்னி கூடத்தில் ஊதிய ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. வண்ணம் தீட்டிய பெண்கள் மிகக் குறைந்த கூலியே பெற்றனர். சங்கத்தில் இணைந்து செயல்பட்ட முன்னணி ஓவியர் ஆர்ட் பாபிட்டும் வேறு பலரும் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 1941 மே இறுதியில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ‘டம்போ’ உருவாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வாரக்கணக்கில் நீடித்த போராட்டத்தின் முடிவில் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரிக்க நேர்ந்தது. வால்ட் டிஸ்னி அதை மறக்கவில்லை. 1947இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் தோன்றி, வேலைநிறுத்தத் தலைவர் ஹெர்பர்ட் சொரெல் உள்ளிட்டோரைக் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டினார்.

இந்தப் பகைமையின் நிழல் படத்திலும் விழுந்திருக்கிறது. மது அருந்திக் களிக்கும் கோமாளிகள், முதலாளியிடம் கூலி உயர்வு கேட்கப் பாடிக்கொண்டே புறப்படும் காட்சி, வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பற்றிய ஏளனமாகவே பரவலாகக் கருதப்படுகிறது. கொட்டும் மழையில் கூடாரம் அமைக்கும் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு முகமே வரையப்படவில்லை. காகங்களின் சித்திரிப்பில் நிறவெறி வெளிப்படையாகவே உள்ளது. தாயும் கன்றும் பெறும் விடுதலையும் ஒரு நட்சத்திரத்தின் தனிப்பட்ட வெற்றியாக, ஒப்பந்தமும் தனி இரயில் பெட்டியுமாகச் சுருங்கிவிடுகிறது.

மறுஆக்கம் இவற்றில் பலவற்றைக் களைந்துள்ளது. காகங்கள் இல்லை. போரில் ஒரு கையை இழந்து திரும்பிய சர்க்கஸ் கலைஞன் கதையின் நடுவே நிற்கிறான். பெரும் பொழுதுபோக்குப் பூங்காவின் அதிபரான வாண்டிவியர், சிறிய சர்க்கஸைத் தன் வணிகத்தோடு இணைத்துக்கொள்கிறான்; பின்னர் அதன் கலைஞர்களை வேலையிலிருந்து துரத்துகிறான். கலைஞர்கள் கைகோத்து யானைகளை மீட்கின்றனர். தாயும் கன்றும் காட்டுக்குத் திரும்புகின்றன. விலங்குகளைக் கூண்டிலடைத்துக் காட்டும் வழக்கத்தை நிராகரிக்கும் இம்முடிவு, பழைய படத்தின் முடிவைவிட முற்போக்கானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் கதை எங்கே போய் முடிகிறது? தீய முதலாளி ஒழிகிறான். நல்ல முதலாளியின் சிறிய சர்க்கஸ் மீண்டும் தழைக்கிறது. துரத்தப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் நீதி அவர்களது சங்கத்தால் வந்ததன்று. உடைமையாளரின் நல்ல மனத்தால் வந்தது. சுரண்டல் ஓர் அமைப்பாக அல்லாமல் ஒரு மனிதனின் குணக்கேடாகக் காட்டப்படுகிறது. 1941ஆம் ஆண்டுப் படம் போராடும் தொழிலாளியை ஏளனம் செய்தது. 2019ஆம் ஆண்டுப் படத்தில் அந்தத் தொழிலாளிக்கு இடமே இல்லை.

இப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 2019 மார்ச் 29 அன்று. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்புதான் டிஸ்னி நிறுவனம் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை 7,130 கோடி டாலருக்கு வாங்கி முடித்திருந்தது. ஆட்குறைப்பும் உடனே தொடங்கியது. திரையில் வாண்டிவியர் செய்வதைத்தான் திரைக்கு வெளியே நிறுவனம் செய்துகொண்டிருந்தது. இந்தியாவிலும் இதே போக்குதான். 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்திய ஊடக வணிகம் ரிலையன்ஸின் ஊடக வணிகத்தோடு இணைக்கப்பட்டது. இணைந்த நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்டது. கிரிக்கெட்டும் தொடர்களும் திரைப்படங்களும் பெருமளவில் ஒரே குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன.

ஏகபோக மூலதனம் தன்னைப் பற்றிய விமர்சனத்தையும் சரக்காக்கி விற்க வல்லது. பேராசைக்கார முதலாளியைத் திரையில் தண்டிப்பதால் அதற்கு இழப்பேதும் இல்லை; நுழைவுச்சீட்டு வருவாய்தான் கூடும். சங்கத்தை அங்கீகரிப்பதும் கூலியை உயர்த்துவதுமே அதற்கு வலிக்கும். 1941இல் ஓவியர்கள் வென்றது அதைத்தான். குழந்தைகளோடு அமர்ந்து பறக்கும் யானையைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. அந்த யானையை வரைந்தவர்கள் ஒருநாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வீதிக்கு வந்தார்கள் என்பதையும் அக்குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும்.