501 ரூபாய்

சட்டம் படிக்கும் நண்பர்கள் இருக்க, சோதனைக் குழாயோடு காலம் கழிப்பவனுக்கு இதிலென்ன வேலை என்று கேட்பீர்கள். நம் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் 1913-ஆம் ஆண்டு தீர்ப்பான வழக்கொன்று கண்ணில் விழுந்த தூசிபோல் உறுத்துகிறது, ஆகவே எழுதுகிறேன்.

கான்பூர் கௌரி தத் என்பவரின் உறவுப் பையன் வீட்டைவிட்டு ஓடிவிட்டான். அவரிடம் முனீமாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்த லால்மன் சுக்லா ரயில் செலவு பெற்றுக்கொண்டு ஹரித்துவாருக்குத் தேடப் போனார். அவர் போன பிறகு, கண்டுபிடிப்போர்க்கு 501 ரூபாய் பரிசு என்று துண்டறிக்கைகள் வெளிவந்தன. ரிஷிகேசத்தில் பையனைக் கண்டுபிடித்தவர் சுக்லாவே! பின்னர் வேலையும் போயிற்று, பரிசைக் கேட்டு வழக்காடினார், தோற்றார்.

நீதிபதி பானர்ஜி இரண்டு காரணம் சொன்னார். முன்மொழிவை அறியாதவன் அதை ஏற்றுக்கொள்ள இயலாது என்பது ஒன்று. இதை நான் மறுக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 8-ஆம் பிரிவில், நிபந்தனையை நிறைவேற்றுவதே ஏற்பு என்கிறது. துண்டறிக்கையைப் படித்துவிட்டுத் தேடுகிறவன் கடிதம் எழுதி ஒப்புதல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படித்திருக்க வேண்டுமன்றோ?

இரண்டாவது காரணந்தான் உறுத்துகிறது. பரிசு அறிவிக்கப்படுமுன்பே தேடும் கடமையைச் சுக்லா ஏற்றுக்கொண்டுவிட்டாராம்! காணாமற்போன உறவினரைத் தேடுவது முனீமின் வழக்கமான வேலையன்று என்று தீர்ப்பே ஒத்துக்கொள்கிறது. முதலாளி 'போய்த் தேடு' என்றால், சம்பளத்தை நம்பியிருப்பவன் 'மாட்டேன்' என்பானா? பிறர் மனத்தை ஆட்டுவிக்கும் நிலையிலுள்ளவர் அந்நிலையைப் பயன்படுத்தி முறையற்ற ஆதாயம் பெறுவதைப் பற்றி அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு பேசுகிறதே! சுக்லா சொன்ன 'சரி'யை முழு மனத்து ஏற்பாக எடுத்துக்கொண்டது, என் கருத்தில், ஏழைக்குச் செய்த நீதியாகாது. ஆய்வுக்கூடத்தில் பெரியவர்கள் ஏவும் வெளிவேலைக்கெல்லாம் தலையாட்டும் நமக்கு இது விளங்கும்.

வடக்கே வந்த நாமோ இன்னும் ஒரு படி மேல்! அறை வாடகைக்குக் கேட்கப் போகிறோம். வீட்டுக்காரர் மளமளவென்று இந்தியில் ஏதோ சொல்கிறார். பாதி புரியாமலே 'ஹாஞ்ஜி' என்கிறோம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம் என்பதை நம்மவர் பலர் அறியார். இருவரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஒத்துக்கொள்வதே சம்மதம் என்று 13-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆயினும் தலையாட்டியதைப் பத்துப்பேர் பார்த்திருக்க, 'எனக்குப் புரியவில்லை' என்று பிறகு மெய்ப்பிப்பது எளிதா? 'சமஜ் நஹீ ஆயா' என்ற மூன்று சொல்லை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். 'ஹாஞ்ஜி'யைக் கடைசியில் கற்கலாம். மின்கட்டணம் யார் தலையில், முன்பணம் என்றைக்குத் திரும்பும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் முகம் சுளித்தால், வேறு வீடு பாருங்கள்.