பத்துக்கு ஒன்பது வாங்கிய ஊர்

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறையைப் பார்க்கும் முன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டைப் பார்க்கிறார்கள். அங்கே அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது பெரும்பாலும் வீட்டு முகவரியை வைத்துத்தான். நாடு முழுக்க சுமார் 13,000 டிஸ்ட்ரிக்டுகள், பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனி போர்டு, தனித்தனி பட்ஜெட். பணத்தில் ஒரு பெரிய பங்கு உள்ளூர் சொத்து வரி. எடிசனிலும் பிளேனோவிலும் குடியேறும் நம் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. இணையத்தில் அந்த ஊர்ப் பள்ளிக்குப் பத்துக்கு ஒன்பது என்று போட்டிருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள்!

சரி, பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருந்தால்? ஆட்டிசம் இருந்தால்? அந்த ஒன்பது என்ன சொல்கிறது? பெரும்பாலும் மற்ற பிள்ளைகள் தேர்வில் வாங்கிய மார்க்கைச் சொல்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா, பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை முறை என்பதெல்லாம் அதில் கிடையாது. கடை வாசலில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்து மருந்து வாங்குவது போலத்தான் இது.

சட்டம் என்னவோ எல்லா ஊருக்கும் ஒன்றுதான். 1975-ல் வந்தது. அதற்கு முன் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிகள் சட்டப்படியே திருப்பி அனுப்ப முடிந்தது. 1990-ல் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள், சுருக்கினால் 'ஐடியா' என்று வரும் (நல்ல ஐடியாதான்!). பொதுவாக 3 வயது முதல் 21 வரை இலவசமாக, தகுந்த கல்வி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.ஈ.பி. என்ற எழுத்துப்பூர்வமான தனித் திட்டம். கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று சொன்னது. பெரும்பாலான வருடங்களில் அதில் பாதிகூட வந்ததில்லை. மீதியை மாநிலமும் டிஸ்ட்ரிக்டும் சுமக்க வேண்டும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். பணம் கொடுப்பவனே யாருக்குச் சேவை தேவை என்றும் முடிவு செய்தால் என்ன நடக்கும்?

டெக்சாஸில் நடந்தது. மொத்த மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் டிஸ்ட்ரிக்டின் மதிப்பீடு பாதிக்கும் என்று 2004-ல் மாநிலக் கல்வித்துறை ஓர் அளவு வைத்தது. நாட்டின் சராசரியோ 13 சதவீதத்தை ஒட்டி. பள்ளிகள் பிள்ளைகளைச் சோதிப்பதையே தள்ளிப்போட்டன. மாநில சராசரி மெல்ல இறங்கி அந்த 8.5-க்கே வந்து நின்றது. 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. 2017-ல் மாநில சட்டசபை அந்த அளவுக்குத் தடை போட்டது. 2018-ல் மத்திய கல்வித்துறை சட்ட மீறல் என்று அறிவித்தது. இடைப்பட்ட பன்னிரண்டு வருடத்தில் முதல் வகுப்புப் பிள்ளை பள்ளியையே முடித்திருக்கும்.

சண்டை போட்டு வாங்கலாமே என்பீர்கள். மேரிலாந்தின் வசதியான மாண்ட்கோமரி கவுண்டியில் ஒரு குடும்பம் போட்டது. புகார் கொடுத்த பெற்றோர்தான் திட்டம் போதாது என்று நிரூபிக்க வேண்டும் என 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயித்தாலும் நிபுணருக்குக் கொடுத்த ஃபீஸ் திரும்பாது என்று 2006-ல் இன்னொரு தீர்ப்பு. நியூஜெர்சி 2008-ல் தனிச் சட்டம் போட்டு நிரூபிக்கும் பொறுப்பை டிஸ்ட்ரிக்டின் தலையில் வைத்தது; நியூயார்க்கும் அதற்கு முந்தைய வருடம் கிட்டத்தட்ட அப்படியே செய்திருந்தது. வீடு தேடும் எந்தப் பக்கத்திலாவது இந்த விவரம் இருக்கிறதா?

ஆக, மார்க்கை விட்டுவிட்டு வேறு கேள்விகள் கேட்க வேண்டும். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளில் எத்தனை பேர் நாளின் பெரும்பகுதியைச் சாதாரண வகுப்பில் கழிக்கிறார்கள், எத்தனை பேர் பள்ளியை முடிக்கிறார்கள் என்று டிஸ்ட்ரிக்ட் வாரியாக மாநிலங்கள் வருடாவருடம் வெளியிட வேண்டும். அதைப் புரட்டலாம். பிள்ளைக்கு வேண்டிய வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்றும் கேட்க வேண்டும். அது ஊரின் மறுகோடியில் இருந்தால், நடந்து போகும் தூரத்தில் பள்ளி என்று கூடுதல் விலை கொடுத்தது வீண். சின்ன டிஸ்ட்ரிக்ட் என்றால் பக்கத்து ஊருக்கே பஸ்ஸில் அனுப்பலாம். எல்லாவற்றையும்விட, அங்கே ஏற்கனவே இதே மாதிரிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினால் போதும்.

நம்மவர்களிடம் ஒரு தயக்கம் உண்டு. "முத்திரை குத்திடுவாங்களே" என்று ஐ.ஈ.பி. பேச்சையே எடுக்க மாட்டார்கள். அந்தக் காகிதம் கையில் இருந்தால், ஊர் மாறும்போது புதிய டிஸ்ட்ரிக்ட் தன் முடிவை எடுக்கும்வரை அதற்கு ஈடான உதவியைத் தந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முத்திரைக்குப் பயந்து இழப்பது இதைத்தான்.

முடிந்தால் முதல் வருடம் வாடகை வீட்டிலேயே இருந்து பார்ப்பது நல்லது. ஒரு ஐ.ஈ.பி. கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்தாலே அந்த ஊர் எப்படி என்று தெரிந்துவிடும். வாடகை வீட்டைக்கூட மாற்ற வசதியில்லாத அம்மாவும் அதே கூட்டத்தில், அதே நாற்காலியில்தான் உட்காருகிறாள். அவளுக்குத் தேர்ந்தெடுக்க இன்னொரு டிஸ்ட்ரிக்ட் இல்லை.