வீடு மாறுகிறவருக்குச் செய்யும் உதவி

உறவினர் ஒருவர் குடும்பத்தோடு வேறு நகருக்குக் குடிபெயர்கிறார் என்றால் நம் சீமையில் யாரும் வாளாவிருப்பதில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவதற்கு ஒருவர், கட்டிலைக் கழற்றுவதற்கு ஒருவர், லாரிக்காரரிடம் வாடகை பேசுவதற்கு ஒருவர் என்று வந்து நிற்பார்கள். வழியில் உண்பதற்குப் புளிச்சோறு கட்டிக்கொடுப்பார் அடுத்த வீட்டு அம்மையார். புது வீட்டில் பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்துச் சொல்வார் பெரியவர். இவ்வழக்கம் போற்றத்தக்கது. ஆயினும் இவ்வளவு கைகள் கூடிச் செய்யும் உதவியில் ஒரு பெருங்குறை இருப்பதை நாம் சொந்த அனுபவத்தில் கண்டோம். அதனை அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சிற்றப்பா தென்காசிக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் முப்பதாண்டுகளுக்கு மேல் குழித்தறியில் நெய்தவர். நெசவாளர் சங்கத்தின் பழைய அங்கத்தினர். கண்பார்வை குன்றியது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வற்புறுத்தி அழைத்தான். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறலாகாது என்பதால் ஆனிக் கடைசியில் புறப்பாடு. குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் தென்காசி வரை வீசிய நாள் அது. நனையாதபடி மூட்டைகளின்மேல் தார்ப்பாய் விரித்துக் கட்டியவர்களுள் நாமும் ஒருவர். தறியின் மரங்களைக் கழற்றி ஓர் இளம் நெசவாளருக்குக் கொடுத்தாயிற்று. தறிக்குழியை மட்டும் தூக்கிச் செல்ல இயலாது. சிற்றப்பா அதன் விளிம்பில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார். நாம் வண்டியேற்றிவிட்டு நிறைந்த மனத்தோடு வீடு திரும்பினோம்.

நான்கு திங்கள் கழித்துச் சிற்றப்பாவின் அடுத்த வீட்டுக்காரர் நம்மைத் தேடி வந்தார். அவர் கையில் ஓர் அறிவிப்பு இருந்தது. சிற்றப்பா சங்கத்தில் பெற்ற கடனுக்கு அவர் ஜாமீன்தாரர். அதுகாறும் தவணைகள் கூலியிலிருந்து பிடித்தம் செய்யப்பட்டு வந்தன. நெசவு நின்றது, கூலி நின்றது, பிடித்தமும் நின்றது. நினைவூட்டுக் கடிதங்கள் பூட்டிய வீட்டின் கதவிடுக்கில் செருகப்பட்டுக் கிடந்தன. தொகை பெரியதன்று. ஆனால் வந்தவர் தம் மகளின் திருமணத்துக்கு நாள் குறித்திருந்தவர். ‘உங்கள் சிற்றப்பா இப்படிச் செய்பவர் அல்லர் என்று எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டுமே’ என்றார். தொலைபேசியில் செய்தி கேட்ட சிற்றப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘தம்பி, ஓடிப்போனவன் என்று பெயர் வாங்கிவிட்டேனே’ என்றார். மறுநாளே பேருந்தேறி வந்து கணக்கைத் தீர்த்தார். பணம் தீர்ந்தது, அந்தச் சொல்லால் உண்டான வருத்தம் எளிதில் தீரவில்லை.

இதில் பெருங்குற்றம் நம்முடையதே. நாம் கூட்டுறவு ஆய்வாளர். சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்வதும், வாய்தா தவறிய கடன்களுக்குக் காரணம் கேட்பதும் நமது அன்றாட அலுவல். பிறர் கணக்கில் காலணா பிசகினும் கண்டுபிடிக்கும் நாம், சொந்தச் சிற்றப்பாவிடம், ‘சங்கத்துக் கணக்கு என்ன ஆயிற்று?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாகுமோ என்று கருதினோம். அவரோ, பிடித்தம் எப்போதும்போல் நடக்கும், மிச்சம் இருந்தால் பங்குத் தொகையில் கழித்துக்கொள்வார்கள் என்று கருதியிருந்தார்.

பங்குத் தொகையும் கடனும் தாமாகவே ஒன்றுக்கொன்று கழிந்துவிடா. எழுத்து மூலம் விண்ணப்பம் வேண்டும். துணைவிதிகளின்படி தீர்மானம் வேண்டும். கடன்பட்டவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே ஜாமீன்தாரரின் பொறுப்பும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் விதி. சங்கத்திலிருந்து விலகிய அங்கத்தினர், விலகிய நாளன்று சங்கத்துக்கிருந்த கடன்களைப் பொறுத்து, மேலும் இரண்டாண்டுகள் பொறுப்புடையவர் என்று 1912ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டமே வகுத்தது. ஊரை விட்டு நீங்குவதால் பொறுப்பு நீங்குவதில்லை என்பது இவற்றின் சாரம்.

‘வீடு மாறும்போது ஆயிரம் செலவு, அந்நேரத்தில் கடன் பேச்சை எடுக்கலாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். கணக்குப் பார்ப்பது வேறு, கடனை அன்றே அடைப்பது வேறு. இயலாதவர் புதிய தவணை கேட்கலாம். திருப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வங்கி வழியாக மாதந்தோறும் செலுத்தலாம். சொல்லிவிட்டுப் போகிறவருக்கு வழி உண்டு. சொல்லாமல் போகிறவருக்குத்தான் அறிவிப்பு வருகிறது; அதுவும் அவருக்கு வாராமல், அவருக்காகக் கையெழுத்திட்டவருக்கு வருகிறது.

ஆகவே உறவினர் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அவரைச் சங்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பெற்ற நூலுக்கும் கொடுத்த துணிக்கும் கணக்கு நேராகட்டும். தறியில் பாவு மிச்சமிருந்தால் நெய்து அறுத்துக் கொடுக்கட்டும், அல்லது ஒப்படைக்கட்டும். கடன், பங்கு, சேமிப்பு மூன்றின் இருப்பையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். தாம் பிறருக்கு இட்ட ஜாமீன் உண்டா என்றும் பாருங்கள். அதையே பலரும் மறக்கிறார்கள். வாரிசு நியமனம் சரியாக உள்ளதா என்று கேளுங்கள். புதிய முகவரியும் தொலைபேசி எண்ணும் பேரேட்டில் ஏறட்டும். 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று; அதற்கு முந்திய தாள்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். புதிய ஊரில் அத்தாளைக் காட்டும்போது விளக்கம் கேட்டால் முதியவர் திகைப்பார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குடும்ப அட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் எந்த நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்க வழி செய்யப்பட்டுள்ளது.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டத்தையும், ஆலங்குளத்துக் கிணற்றையும் லாரியில் ஏற்ற முடியாது. நிலத்தை யாரிடம் ஒப்படைத்தோம், பயிர்க்கடன் யார் பெயரில் நிற்கிறது, குத்தகைதாரர் எதைச் செலுத்துவார், உரிமையாளர் எதைச் செலுத்துவார் என்பன எழுத்தில் இல்லாவிட்டால், அண்ணன் தம்பி உறவே வழக்குமன்ற வாயிலுக்குச் சென்றுவிடும்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. போகிறவரை நட்டக் கணக்கில் எழுதி முகம் திருப்பிக்கொள்வது கூட்டுறவாகாது. ஒவ்வொரு சங்கமும் இடமாற்றப் பதிவேடு ஒன்று வைத்துக்கொள்ளட்டும். கேட்ட ஒரு வாரத்துக்குள் கணக்குத் தாளைக் கொடுக்கட்டும். தவணை தவறிய முதல் மாதத்திலேயே கடன் பெற்றவரின் தொலைபேசிக்குச் சொல்லட்டும். ஜாமீன்தாரருக்கு அறிவிப்பு அனுப்புவது கடைசிப் படியாக இருக்கட்டும். ஒரு பதிவேட்டின் விலை சொற்பம். நம் சிற்றப்பாவின் பெயரை அது காப்பாற்றியிருக்கும்.

ஊர் விட்டுப் போவது நமக்குப் புதிதன்று. தென்காசிக்கு வடக்கே மதுரைச் சாலையிலுள்ள கடையநல்லூரிலிருந்து, நெசவுத் தொழில் நலிந்த காலத்தில், முஸ்லிம் நெசவாளர்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். தென்காசியிலிருந்தும் சென்றார்கள். ஆடவர் மட்டும் தனியே போய்ப் பொருளீட்டித் திரும்புவது பிறருக்கு வழக்கமாயிருக்க, இவர்கள் மனைவி மக்களையும் அழைத்துச் சென்று அங்கே குடியமர்ந்தனர். முன்னே போனவர் பின்னே வருபவருக்குத் துணை நின்றனர். 1941ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் சங்கத்தை நிறுவினர். 1946ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் முயற்சியால் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி தோன்றியது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை அது நடைபெற்றது. அப்பெயரை இன்றும் அந்நகரின் தமிழ்மொழி நிலையம் ஒன்று தாங்கி நிற்கிறது. கப்பலிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்ததோடு அவர்களுடைய உதவி முடிந்துவிடவில்லை. குழந்தைகளின் படிப்பு வரை நீண்டது. தறியிலிருந்து எழுந்து சென்றவர்கள் சேர்ந்து வாழும் பழக்கத்தைக் கைவிடவில்லை என்பதே நாம் அவர்களிடம் கற்க வேண்டியது.

சிற்றப்பா இவ்வாண்டுச் சீசனுக்கு வந்திருந்தார். ஐந்தருவியில் குளிப்பதற்கு முன்னர் ஜாமீன்தாரர் வீட்டுக்குத்தான் போனார். மணமுடித்த மகளுக்குத் திருப்பூரிலிருந்து கொண்டுவந்த துணியைக் கொடுத்தார். இருவரும் திண்ணையில் அமர்ந்து பழைய கதை பேசினார்கள். உறவு பிழைத்தது. ஆனால் எல்லாருக்கும் இப்படி வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை.

அடுத்த முறை உங்கள் உறவினர் வீடு மாறும்போது பாத்திரம் கட்டுங்கள், புளிச்சோறும் கொடுங்கள். அவற்றுக்கு முன்னதாக, ‘வாருங்கள், சங்கம் வரைக்கும் போய்வருவோம்’ என்று அழையுங்கள். நாம் சொல்லத் தவறிய அவ்வொரு வார்த்தையை நீங்கள் சொல்லத் தவறாதீர்கள்.