மழை பெய்யாத நகரங்கள்

ஃபிராக்டல் முறையில் உருவாக்கிய ஒரு மலைத்தொடரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். சிகரமெல்லாம் பள்ளமாகும், பள்ளமெல்லாம் சிகரமாகும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. உண்மை நிலம் அப்படியல்ல. ஓடும் நீர் பள்ளத்தாக்கை ஒரு விதமாகவும் முகட்டை வேறு விதமாகவும் செதுக்குகிறது. 1989-இல் மஸ்கிரேவ், கோல்ப், மேஸ் மூவரும் உயரப்படத்தில் நீரரிப்பைச் சேர்த்தபோது இந்தக் குறைக்குத்தான் மருந்து தேடினார்கள்.

அதன்பின் நிலத்தைப் பொறுத்தவரை, நிலத்தையும் நகரத்தையும் கணினியில் விதிகளால் உருவாக்கும் நம் துறை வெகுதூரம் வந்துவிட்டது. 2013-இல் ஜெனெவோ குழுவினர் ஆற்று வலையை முதலில் வளர்த்து, அதற்கேற்ப நிலத்தை எழுப்பினார்கள். 2016-இல் கோர்டோனியே குழுவினர் நிலம் மேலெழும் வேகத்தையும் ஆறு அதை அரிக்கும் வேகத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டார்கள். நகரம்தான் பின்தங்கி நிற்கிறது.

2001 சிக்ராஃப் மாநாட்டில் பாரிஷும் முல்லரும் வெளியிட்ட கட்டுரையே இன்றும் பலருக்குத் தொடக்கப் புள்ளி. அதில் சாலை வளரும்போது நீர்நிலை குறுக்கிட்டால் மூன்று வழிகள்: சாலையைக் குறுக்கலாம், திருப்பலாம், நெடுஞ்சாலையானால் குறிப்பிட்ட தூரம்வரை தாண்டிப் போகலாம். நீர் அங்கே ஒரு தடை, அவ்வளவே. நகரம் போலத் தோன்றினாலே வெற்றி என்றிருந்த காலத்துக்கு அது போதும். ஆனால் அந்த ஆய்விலிருந்து பிறந்த சிட்டிஎஞ்சின் மென்பொருளை 2011-இல் எஸ்ரி நிறுவனம் வாங்கியது; நகரத் திட்டமிடுவோரின் மேசைக்கும் அது போயிற்று. இன்று நாம் உருவாக்கும் நகரங்களில் வெள்ளப் பாவனைகளையும் ஓட்டிப் பார்க்க விரும்புகிறார்கள்.

மதிப்பீட்டுக்காக எங்களுக்கு வரும் நகர உருவாக்கக் கட்டுரைகளில் சாலைக்காக நிலத்தை வெட்டுகிறார்கள், மேடாக்குகிறார்கள், மனைகளைச் சமப்படுத்துகிறார்கள். அதன்பின் அந்த நிலத்தில் ஒரு துளி மழைகூடப் பெய்வதில்லை. சாலைக் கரை ஓடையை மறித்து நின்றால் அங்கே மதகு வேண்டும். அந்த விதியை எழுதியவர்கள் மிகச் சிலர். கட்டடங்களை விதிகளால் வளர்க்கும் இலக்கணம் பற்றி 2006-இல் வெளிவந்த ஆய்வு பாம்பெய் நகரையும் காட்சிக்கு எடுத்துக்கொண்டது. அந்த ஊரின் தெருக்களே மழைநீரையும் கழிவுநீரையும் சுமந்தன. அதனால்தான் நடைபாதைகள் உயர்ந்திருக்கின்றன, குறுக்கே கடக்கப் படிக்கற்கள் கிடக்கின்றன. சுவரையும் சாளரத்தையும் பிரித்துப் பிரித்து வளர்க்கும் இலக்கணம் அந்தக் கல்லை வைக்கலாம். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சரிவும் நீரோட்டமும்தான் சொல்ல முடியும்.

இதில் உண்மையான தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று உண்டு, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பெர்லின் நாய்ஸ் போன்ற சார்புகளின் பலமே, எந்தப் புள்ளியின் உயரத்தையும் அக்கம்பக்கத்தைக் கேட்காமல் சொல்லிவிடுவதுதான். முடிவில்லா உலகங்களைத் துண்டு துண்டாக உருவாக்கும் விளையாட்டுகள் அதை நம்பியே இருக்கின்றன. ஆற்றுக்கு அது பொருந்தாது. ஓரிடத்தில் எவ்வளவு நீர் ஓடும் என்று சொல்ல, அதற்கு மேலே உள்ள வடிநிலம் முழுவதும் தெரிந்தாக வேண்டும். பெரிய அளவில் ஆற்று வலையை முன்கூட்டியே முடிவுசெய்து, துண்டுகளுக்குள் நுணுக்கத்தை மட்டும் நிரப்புவதே இப்போதைக்குக் கைகொடுக்கும் வழி. எல்லையுள்ள ஒரு நகரத்துக்கோ அந்தச் சாக்கும் கிடையாது. பள்ளங்களைக் கண்டறிய 2014-இல் பார்ன்ஸ் குழுவினர் விளக்கிய முறை, பக்கத்துக்குச் சில ஆயிரம் கட்டங்கள் கொண்ட உயரப்படத்தைச் சாதாரணக் கணினியிலேயே சில நொடிகளில் முடித்துவிடும்.

ஆகவே இனி நகர உருவாக்கக் கட்டுரை அனுப்புவோரிடம் நாங்கள் கேட்பது, கட்டுமானத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரோட்ட வரைபடங்கள். புதிதாக நீர் தேங்கும் இடங்களை அவற்றில் குறித்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்திலும் பனியாறு செதுக்கிய நிலத்திலும் வடிகால் இல்லாப் பள்ளங்கள் இயற்கையாகவே உண்டு. உங்கள் நிலம் அத்தகையதானால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். விதை எண்ணையும் விதிக் கோப்பையும் உடன் அனுப்பினால், மதிப்பீட்டாளர்கள் தாங்களே அந்த நகரத்தை எழுப்பிச் சோதிப்பார்கள்.